யுக முடிவைக் கடக்க வழி சொன்ன ஐயா வைகுண்டர்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் பெரியோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது முதலில் தயங்கினேன். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, பார்சல் ரசீதும் சரக்குக் கணக்கும் எழுதிப் பழகிய கை இது. ஆயினும், என் மகள் ஒரு நாள் சொன்ன கதையொன்று எனக்குப் பொருளைத் தேடித் தந்தது. அவள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்கிறாள். மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலப் பெண்மணி 1826ஆம் ஆண்டு கடைசி மனிதன் என்ற பெயரில் ஒரு நவீனம் எழுதினாராம். உலகெங்கும் கொள்ளைநோய் பரவி, 2100ஆம் ஆண்டளவில் மக்கட்குலமே மாண்டுபோக, ஒரே ஒருவன் மட்டும் உயிர் பிழைத்துத் தன்னந்தனியே அலைவதாக அக்கதை முடிகிறதாம். உலக முடிவைப் பற்றிப் பின்னாளில் எழுந்த எத்தனையோ விஞ்ஞானக் கதைகளுக்கு அது முன்னோடி என்றும் அவள் கூறினாள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. அந்த அம்மையார் அந்நூலை எழுதிய நாளில், தென்திருவிதாங்கூரில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் பனையேறிப் பிழைத்துக்கொண்டிருந்தார். அவரும் பின்னர் ஒரு யுகத்தின் முடிவைப் பற்றிப் பேசினார். ஆனால் அவர் காட்டிய முடிவில் எஞ்சி நிற்பவன் தனி மனிதன் அல்லன். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒன்றாகக் கரையேறுகின்றன. அவரே ஐயா வைகுண்டர். அவர் வரலாற்றை நான் அறிந்த அளவில் கூற முற்படுகிறேன். குற்றம் குறை இருப்பின் பொறுத்தருள்க.

எங்கள் ஊர்ப்புறம்

நான் பிறந்தது நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலைக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டமும் தமிழர்க்கு வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியும் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆதலால் எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அத்தையின் வீடு களியக்காவிளைக்கு அப்பால் தமிழகத்தில். எங்கள் வீடு இப்பால் கேரளத்தில். இடையே ஒரு சோதனைச் சாவடி.

எல்லை எப்படி இருந்தபோதிலும், மாசி மாதம் பிறந்தால் எங்கள் ஊர்ப்புறத்தில் ஒரு காத்திருப்பு உண்டு. மாசி 19ஆம் நாள், ஐயாவின் அடியார்கள் திருவனந்தபுரத்திலிருந்து காவிக்கொடி ஏந்தி, நெற்றியில் வெண்மையான நாமம் துலங்க, நாகர்கோவிலை நோக்கி ஊர்வலமாக வருவர். திருச்செந்தூரிலிருந்து மற்றோர் ஊர்வலம் வந்து நாகர்கோவிலில் அதனோடு கூடும். மறுநாள் இரண்டும் ஒன்றாகிச் சாமித்தோப்பை அடையும். சிறுவனாக இருந்தபோது, ஏன் ஐயா திருவனந்தபுரத்திலிருந்து வருகிறார் என்று பாட்டியைக் கேட்டேன். அங்கேதான் அவரைச் சிறை வைத்தார்கள் என்று அவர் விடை கூறினார். அன்றுதான் இந்த வரலாறு என் உள்ளத்தில் முதன்முதலாகப் பதிந்தது.

பிறப்பும் பெயரும்

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே, இன்று சாமித்தோப்பு என வழங்கும் ஊரில், 1809ஆம் ஆண்டு பொன்னுமாடன், வெயிலாள் என்னும் நாடார் குலத் தம்பதியருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் அதற்கு முடிசூடும் பெருமாள் எனப் பெயரிட்டனர். தாழ்ந்தவர் எனக் கருதப்பட்ட குடும்பத்துப் பிள்ளை முடியையும் பெருமாளையும் பெயரில் சூடுவதா என்று மேல்சாதியார் வெகுண்டனர். அஞ்சிய பெற்றோர் அப்பெயரை முத்துக்குட்டி என மாற்றினர். பெயர் வைக்கும் உரிமைகூட ஏழைக்கு இல்லாத காலம் அது.

அக்காலத்தின் கொடுமைகளைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். தலைக்கு வரி, பனைக்கு வரி, பனையேறும் ஏணிக்கும் தளைக்கும் வரி என்று உழைப்பவன் தொட்டதெற்கெல்லாம் வரி கட்டினான். ஊழியம் என்ற பெயரால் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றி வேலை செய்தான். பொதுக் கிணற்றில் நீர் எடுக்க இயலாது. கோயிலுக்குள் நுழைய இயலாது. ஆண்கள் தலைப்பாகை கட்டவும், முழங்காலுக்குக் கீழே வேட்டி தாழவும் தடை இருந்தது. பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை அணியக் கூடாது என்பது எல்லாவற்றிலும் கொடிய விதி. 1822ஆம் ஆண்டு முதல் தோள்சீலையின் பொருட்டுக் கலகங்கள் மூண்டன. 1829இல் வெளிவந்த அரச கட்டளையும் அவ்வுரிமையை மறுத்தது. 1859 ஜூலை 26ஆம் நாள் வெளியான அறிவிப்பே, சில கட்டுப்பாடுகளோடு, அப்பெண்களுக்கு மேலாடை உரிமையை வழங்கிற்று. அதைக் காண ஐயா உயிரோடு இல்லை.

இத்தகைய வாழ்வில் உழலும் மக்கள், இந்த உலகம் என்று முடியும் என்று ஏங்கியதில் வியப்பென்ன? வசதியாக வாழ்பவனுக்கு உலக முடிவு அச்சம் தருவது. ஒடுக்கப்பட்டவனுக்கோ அது விடியலின் மறுபெயர்.

கடலும் கரையும்

இளமையில் முத்துக்குட்டி திருமாலிடத்துப் பக்தி மிக்கவராய் விளங்கினார். பின்னர் கடும் நோய் ஒன்று அவரைப் பற்றியது. உடல் மெலிந்து நடக்கவும் வலுவற்ற நிலையில், கொல்லம் 1008ஆம் ஆண்டு மாசி மாதம், அதாவது 1833 மார்ச்சில், உறவினர் அவரைத் திருச்செந்தூர்த் திருவிழாவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே அவர் தாமே எழுந்து கடலுள் நடந்து மறைந்தார் என்றும், மூன்றாம் நாள் மாசி 20இல் அலைகளினின்று வெளிப்பட்டார் என்றும் அடியார்கள் நம்புகின்றனர். கடலுள் சென்றவர் முத்துக்குட்டி, கரையேறியவர் வைகுண்டர். ஓடிவந்து மகனே என அழைத்த தாயிடம், முன்னைய உறவு முடிந்தது என்றும், தாம் இனி உலகோர் அனைவர்க்கும் உரியவர் என்றும் உணர்த்தி, அவர் தென்றிசை நோக்கி நடந்தார் என்பது மரபு.

ஊர் திரும்பியதும் பூவண்டன் தோப்பில் தவத்தில் அமர்ந்தார். அத்தவம் ஆறு ஆண்டு நீடித்தது என்பர். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிப் பள்ளத்துள். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையில். இறுதி இரண்டு ஆண்டுகள் மேடையின்மேல். நிலத்துக்கடியில் அழுத்தப்பட்ட மக்கள் படிப்படியாக மேலேறுவதற்கு இத்தவத்தை அடையாளமாகக் கொள்வோரும் உளர். மண்ணும் நீரும் தந்தே நோயாளிகளின் பிணி தீர்த்தார் என்று கேள்விப்பட்டு, பல சாதியினரும் திரள் திரளாக வந்தனர். வந்தவர்க்கெல்லாம் அவர் கூறியவை எளியவை. ஆடும் கோழியும் பலியிட வேண்டா. பேய்க்கு அஞ்ச வேண்டா. காணிக்கை தர வேண்டா. சாதி பாராது ஒன்றாக அமர்ந்து உண்ணுங்கள் என்பனவே அவை.

கலியும் தர்ம யுகமும்

இனி, அவர் கூறிய யுக முடிவைக் காண்போம். அவருடைய சீடர் ஐவருள் ஒருவரான தாமரைக்குளம் அரிகோபாலன் சீடர் 1841ஆம் ஆண்டளவில் எழுதியது அகிலத்திரட்டு அம்மானை. பதினேழு பகுதிகளும் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளும் கொண்ட அந்நூல் நெடுங்காலம் ஏட்டிலேயே வாழ்ந்து, 1939இல் அச்சேறியது.

யுகங்கள் நான்கு என்று நாம் கேட்டிருக்கிறோம். அகிலமோ எட்டு என்கிறது. குறோணி என்னும் தீமையின் உருவம் ஆறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு யுகத்தில் ஓர் அரக்கனாகப் பிறக்கிறது. ஐந்து பிறவிகளை எதிர்த்துத் திருமால் ஆயுதம் ஏந்தினார். ஆறாவது பிறவியே கலி. கலிக்கோ வெட்டுவதற்கு உடல் இல்லை. அது ஆசையாகவும் ஆணவமாகவும் பொய்யாகவும் மனித மனத்துள் குடியேறிவிட்டது. உள்ளே புகுந்த பகையை வாளால் எப்படி வெட்டுவது? ஆதலின் இம்முறை இறைவன் ஆயுதமின்றி, பண்டாரமாக, பொறுமையைத் துணைக்கொண்டு வருகிறார். கலி தன் கனத்தாலேயே தான் அழியும், அதன்பின் நடுத்தீர்ப்பு, அதன்பின் தர்ம யுகம். அங்கே வரியில்லை, நோயில்லை, ஏற்றத்தாழ்வில்லை.

அம்முடிவைக் கடந்து செல்வோர் யார்? வலியவனும் அல்லன்; செல்வனும் அல்லன். பொறுத்தவன், பிறரைத் தாழ்த்தாதவன், கீழே தள்ளப்பட்டவனைக் கைதூக்கி விட்டவன் என்போரே கடந்து செல்வர். ஐயா தர்மம் என்று கொண்டது கோயிலுக்குத் தரும் கொடையை அன்று. நலிந்தவனைக் காப்பதையே ஆகும்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் வில்லியம் மில்லர் என்பவர் உலக முடிவுக்கு நாள் கணித்தார். 1844 அக்டோபர் 22ஆம் நாளை எதிர்நோக்கிப் பல்லாயிரவர் காத்திருந்தனர். சிலர் விளைந்த பயிரையும் அறுக்காமல் விட்டனராம். நாள் வந்தது; போயிற்று; உலகம் இருந்தது. அவர்கள் அடைந்த ஏமாற்றம் அந்நாட்டு வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஐயாவைப் பின்பற்றியோர் எஞ்சியது ஏமாற்றத்தோடு அன்று. என்ன எஞ்சியது என்பதைப் பின்னே காட்டுவேன்.

சிறை

கொடுங்கோலரைக் கலிநீசன் என்றும், வெள்ளையரை வெண்ணீசன் என்றும் ஐயா கண்டித்தார். இஃது அரசின் செவிக்கு எட்டாதிருக்குமா? சுவாதித் திருநாள் மன்னர் ஆட்சிக் காலம் அது. 1829 முதல் 1846 வரை ஆண்ட அம்மன்னர் இசையுலகம் போற்றும் மேதை. ஆயினும் அவருடைய ஆட்சியிலும் அடிமைப்பட்டோர் நிலை மாறவில்லை. 1838ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மன்னர் சுசீந்திரத்துக்கு வந்தபோது, ஐயாவின்மீது புகார் கூறப்பட்டது. சேவகர் வந்து அவரைப் பிணித்தனர். தடுக்க எழுந்த மக்களை ஐயாவே அமைதிப்படுத்தி, எதிர்க்காமல் உடன் சென்றார்.

தெற்கிலிருந்து தலைநகருக்குச் செல்லும் பெருவழி குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே போவது. 1979இல் திறக்கப்பட்ட நம் ரயில் பாதையும் ஏறக்குறைய அதனை ஒட்டியே செல்கிறது. இன்று இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் 70 கிலோமீட்டர். அன்று கட்டுண்ட ஒருவர் அடியும் வசையும் ஏற்று நடந்த தொலைவு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, நெய்யாற்றுப் பாலத்தின்மேல் வண்டி ஓடும் ஒலி கேட்டால் எனக்கு அந்நடை நினைவுக்கு வரும்.

திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை. சுண்ணாம்புக் காளவாயில் இறக்கினர் என்றும், மிளகாய்ப் புகையிட்டனர் என்றும், பசித்த புலியின் கூட்டில் விட்டனர் என்றும், புலி அடங்கிப் படுத்தது என்றும் அடியார்கள் உருக்கத்தோடு கூறுவர். பூவண்டர் என்னும் ஆயர்குலப் பெரியவர் அவருக்காகப் பரிந்து பேசினார் என்பதும் மரபே. விடுவிக்க ஒரு நிபந்தனை விதித்தார்களாம்: தம் சாதியாரோடு மட்டுமே கூடுவதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அதற்கு இசையவில்லை. விடுதலையைவிடக் கூடி உண்ணும் பந்தி பெரிது என்று கருதிய மனிதரை என்ன செய்ய முடியும்? 1839இல் அவர் விடுதலை பெற்றார். மக்கள் வாகனத்தில் ஏற்றிச் சுமந்து வந்தனர். மாசி 19ஆம் நாள் ஊர்வலம் இன்றும் அதனையே நினைவூட்டுகிறது.

துவையல் தவசு

இனி வருவதே இவ்வரலாற்றில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி. சிறை மீண்ட ஐயா, தர்ம யுகத்துக்கு மக்களைப் பழக்க விரும்பினார். எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசு என்னும் நோன்புக்கு அனுப்பினார். அவர்கள் முதலில் வாகைப்பதியிலும் பின்னர்க் கடலோரத்து முட்டப்பதியிலும் தங்கினர். நாள்தோறும் மும்முறை நீராடினர். உடுத்த துணியை மும்முறை துவைத்தனர். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்த உணவை ஒருவேளை உண்டனர். ஆண், பெண், குழந்தை எல்லாரும் ஒன்றாகவே வழிபட்டனர்.

துணி துவைப்பதும் ஒரு தவமா என்று இளைஞர் நகைக்கலாம். எந்த மக்களின் உடலில் துணி இருப்பதையே சட்டம் தடுத்ததோ, எவரை அழுக்கர் என்று ஊர் ஒதுக்கியதோ, அவர்களே அதிகாலையில் எழுந்து, அந்தத் துணியை வெளுத்து, நிமிர்ந்து அணிந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். யுகம் முடியும் வரை கைகட்டிக் காத்திருக்கவில்லை. அடுத்த யுகத்தில் வாழ வேண்டிய முறையில் இன்றே வாழத் தொடங்கினர். துன்பமும் நோயும் சூழவே அந்நோன்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் அங்கே கற்ற பழக்கத்தை அவர்கள் தத்தம் ஊருக்கு எடுத்துச் சென்றனர்.

எஞ்சியவை இவையே. சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் ஒரே நீரைப் பயன்படுத்த அமைந்த முத்திரிக்கிணறு. ஊர்தோறும் எழுந்த நிழல் தாங்கல்கள். வழிபாட்டோடு அன்னதானமும் எழுத்தறிவும் அங்கே வளர்ந்தன. வழிபாட்டில் ஆண்கள் அணியும் தலைப்பாகை; தலையில் துணி கட்டக் கூடாது என்ற அரச விதிக்கு அதுவே விடை. பள்ளியறையில் சிலைக்குப் பதிலாக வைத்த நிலைக்கண்ணாடி. கும்பிட வந்தவன் அதில் காண்பது தன்னையே. எங்கள் நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888இல் சிவலிங்கம் நாட்டிய நாராயண குரு, பின்னாளில் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தது 1927இல். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே தென்கோடியில் அக்கண்ணாடி ஒளி வீசத் தொடங்கிவிட்டது.

1851ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், கொல்லம் 1026 வைகாசி 21இல், தம் நாற்பத்திரண்டாம் வயதளவில் ஐயா வைகுண்டர் மறைந்தார். சாமித்தோப்பில் அவரை அடக்கிய இடமே இன்று தலைமைப்பதி. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளில், 1855இல், திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது.

நமக்கு இதில் என்ன?

இவ்வளவும் பழங்கதை என்று சிலர் எண்ணலாம். என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூறி முடிக்கிறேன்.

2020 மார்ச் மாதம் பயணிகள் வண்டிகள் யாவும் நின்றதை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. நள்ளிரவிலும் ஒலி ஓயாத நம் நிலையம் மயானம்போல் கிடந்தது. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடியதால் நான் அலுவலகம் சென்று வந்தேன். அந்நாளில் உலகம் முடிந்தே போகும் என்று நானும் அஞ்சியதுண்டு. களியக்காவிளையில் எல்லையை அடைத்துவிட்டார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த அத்தையை அம்மாவால் பார்க்க முடியவில்லை. இங்கே நம் காலனியிலும் வாயிலைப் பூட்டினோம். பாதை வேலைக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சில குடும்பங்கள், கூலியும் இல்லாமல் ஊர் திரும்ப வழியும் இல்லாமல், வெளியே கொட்டகையில் தங்கியிருந்தன. அவர்கள் குடிநீர்க் குழாய்க்கு வர வேண்டா என்று முடிவு செய்தபோது, நானும் அக்கூட்டத்தில் இருந்தேன். வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்களே என்று என் மனம் எனக்கே சமாதானம் சொல்லிற்று.

அன்றிரவு அம்மா தொலைபேசியில் பேசினார். ஊரில் அக்கம்பக்கத்தார் அரிசியும் பயறும் திரட்டிக் கஞ்சி காய்ச்சி, வேலையற்ற வீடுகளுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். பிறகு, உங்கள் காலனியில் எல்லாரும் சாப்பிட்டார்களா என்று இயல்பாகக் கேட்டார். என்னால் விடை கூற இயலவில்லை. தண்ணீருக்கு வந்தவனைத் தடுத்த கையும் அக்காலத்துக் கிணற்றடிக் காவலனின் கையும் வேறல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கலி எங்கோ அரண்மனையில் இருப்பதன்று. என் வீட்டுக் கண்ணாடியிலேயே அதைக் கண்டேன்.

மறுநாள் காலை என் தயக்கத்தை விட்டு இரண்டு மூன்று நண்பர்களிடம் பேசினேன். அவர்கள் உள்ளத்திலும் அதே உறுத்தல் இருந்தது. குழாய் திறந்தது. வீட்டுக்கு இரண்டு படி என்று அரிசியும் பயறும் சேர்ந்தன. கஞ்சி காய்ச்சிய தாய்மார்கள் இம்மலரைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு என் வணக்கம். கொட்டகைக் குழந்தைகள் ஒருவரும் பசியால் வாடாமல் ஊர் திரும்பினார்கள்.

அந்த ஆங்கில அம்மையாரின் நவீனத்தில் கடைசி மனிதன் உயிர் பிழைத்தான். ஆனால் உடன் உண்ண ஒருவரும் இல்லை. அதைப் பிழைத்தல் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. உலகங்கள் பலமுறை முடிகின்றன. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பைத் தேடி இத்தனை தொலைவு வந்த நமக்கு அது தெரியாததன்று. ஒவ்வொரு முறையும் கரையேறுவோர், ஒரே பந்தியில் அமரத் துணிந்தவர்களே. ஐயா வைகுண்டர் தம் வாழ்வால் உணர்த்திய வழி இஃதே என நான் கருதுகிறேன்.

இன்றைய விழாவின் முடிவில் நாம் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து உண்ணப் போகிறோம். வாயிலில் நிற்பவரையும் உள்ளே அழைத்துக்கொள்வோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!